ஐ3-இல் பட்டை அமைப்பது: போலிபாரா, ஐ3பிளாக்ஸா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் அடுக்கித் தரும் ஐ3 (i3) நிறுவி ஒரு வாரம் ஆகிறது. மணி, பேட்டரி எல்லாம் காட்டும் பட்டையை வரைகிற நிரல் போலிபார்; யாரோ படம் போட்டுக் காட்டிய அதன் கான்ஃபிக்கை, அதாவது அமைப்புக் கோப்பை, எடுத்து ஒட்டினீர்கள். ஐகான் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் வெறும் கட்டம், பேட்டரியைக் காணவில்லை, திரையில் மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. போலிபாரை விட்டு ஐ3பிளாக்ஸுக்குப் போகலாமா, கிழமையைத் தமிழில் காட்ட முடியுமா என்று கேட்கிறீர்கள். எது நல்லது என்று கேட்பது போல இருந்தாலும், அந்தப் பட்டைக்குள் என்னதான் நடக்கிறது என்பது பிடிபடாததுதான் உங்கள் சிக்கல் என்று எனக்குப் படுகிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் சர்வர் பராமரிக்கும் வேலையில் இருப்பவன். பத்து வருடமாக ஐ3, வீட்டு லேப்டாப்பில் மட்டும் மூன்று வருடமாக, ஐ3 போலவே இயங்கும் ஸ்வே. கட்டளைகளை இங்கே வெட்டி ஒட்டும்படி தராமல் வார்த்தையில் சொல்லப் போகிறேன். ஒட்டியதால்தானே இந்த நிலை? ஒவ்வொரு வரியையும் நீங்களே தட்டிப் பாருங்கள்.

ஐ3-உடன் வரும் பட்டையின் பெயர் ஐ3பார். அதற்கு மணியும் தெரியாது, பேட்டரியும் தெரியாது. இடப்பக்கம் இருக்கும் 1, 2, 3 என்ற எண்களை ஐ3-இடமிருந்தே கேட்டு வாங்கிக்கொள்ளும். வலப்பக்கத்தில் என்ன வர வேண்டும் என்பதற்கு, நீங்கள் சொல்லும் ஒரு நிரலை ஓட்டிவிட்டு, அது துப்பும் வரியை வாங்கி வரைந்துவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. ஐ3-இன் கான்ஃபிக் கோப்பில் கடைசிப் பக்கம் பாருங்கள், 'பார்' என்று ஒரு பகுதி, அதற்குள் 'ஸ்டேட்டஸ் கமாண்ட்' என்று ஒரு வரி, அதன் எதிரே ஐ3ஸ்டேட்டஸ் என்று இருக்கும். அதை எடுத்துவிட்டு, 'டேட்' கட்டளையை ஓட்டு, ஒரு வினாடி தூங்கு, மறுபடி ஓட்டு என்று ஷெல்லில் ஒரு வரி லூப் எழுதி வைத்து ஐ3-ஐ மறுதொடக்கம் செய்யுங்கள். டெர்மினலில் 'டேட்' என்ன காட்டுமோ அதுவே பட்டையில் ஓடும். இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

நிறம், சொடுக்கு, எச்சரிக்கை எல்லாம் வேண்டும் என்றால் வெறும் வரி போதாது. அதே தகவலை ஜேசன் என்ற, நிரல்கள் ஒன்றுக்கொன்று தகவல் பரிமாறும் வடிவில் கொடுக்க வேண்டும். முதல் வரியில் பதிப்பு எண், அப்புறம் ஒரு திறப்பு அடைப்புக்குறி, அதன்பின் ஒவ்வொரு முறையும் ஒரு பட்டியல். பட்டியலில் ஒவ்வொரு துண்டுக்கும் காட்ட வேண்டிய எழுத்து, நிறம், பெயர். திறந்த அடைப்புக்குறி மூடப்படுவதே இல்லை; முடிவில்லாமல் நீளும் ஒரு பட்டியல். பட்டையை எலியால் சொடுக்கினால் அந்தச் செய்தி இதே வடிவில் நிரலின் உள்ளீட்டுக்கு வந்து சேரும். இதைக் கையால் எழுத வேண்டியதில்லை. எழுதித் தருவதற்குத்தான் ஐ3ஸ்டேட்டஸ், ஐ3பிளாக்ஸ் போன்றவை இருக்கின்றன.

ஐ3ஸ்டேட்டஸ் சி மொழியில் எழுதப்பட்டது. ஐ3-ஐ எழுதிய மைக்கேல் ஸ்டாபல்பெர்க் தொடங்கியதுதான். பேட்டரி, வைஃபை, வட்டு, ஒலி, நேரம் என்று அதற்குத் தெரிந்தவற்றை மட்டும் காட்டும். உங்கள் ஸ்கிரிப்டை அதற்குள் நுழைக்க முடியாது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ஐ3பிளாக்ஸ் நேர் எதிர். அதற்குச் சொந்தமாக எதுவும் தெரியாது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஸ்கிரிப்டை நீங்கள் கொடுக்கிறீர்கள், எத்தனை வினாடிக்கு ஒருமுறை ஓட்ட வேண்டும் என்று சொல்கிறீர்கள், ஓட்டி வந்ததை ஐ3பாருக்குத் தள்ளுகிறது. ஸ்கிரிப்ட் அச்சிடும் முதல் வரி பட்டைக்கு, இரண்டாவது வரி இடம் குறைந்தால் காட்டுவதற்கான சுருக்கம், மூன்றாவது வரி நிறம். 33 என்ற வெளியேறும் எண்ணோடு முடித்தால் அந்தத் துண்டு அவசரம் என்று சிவப்பில் மின்னும். பேட்டரி 15-க்குக் கீழே போனால் 33 என்று நான் வைத்திருக்கிறேன். போலிபார் இந்த இரண்டு வகையிலும் சேராது. அது ஐ3பாரை ஒதுக்கிவிட்டுத் தானே ஒரு ஜன்னலைத் திறந்து வரைகிறது. உங்களுக்கு இரண்டு பட்டை வந்தது இதனால்தான்: போலிபாரைக் கிளப்பினீர்கள், ஐ3 கான்ஃபிக்கில் பழைய 'பார்' பகுதியை அழிக்கவில்லை.

அதோடு ஒட்டிய இன்னொரு சங்கதி. போலிபாரை 'எக்ஸெக் ஆல்வேஸ்' என்று போட்டுக் கிளப்பினால், ஐ3-ஐ மறுதொடக்கம் செய்யும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று முளைக்கும். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி நிற்பதால் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். கிளப்பும் ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே பழையதை மூடச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது பேட்டரி. லினக்ஸின் மையமான கர்னல் பேட்டரி விவரத்தைக் கோப்புகளாகவே வைத்திருக்கிறது: 'சிஸ்' ஃபோல்டர், அதற்குள் 'கிளாஸ்', அதற்குள் 'பவர் சப்ளை'. அங்கே போய் 'எல்எஸ்' அடியுங்கள். படம் போட்டவரின் கணினியில் பேட்0 என்று இருந்திருக்கும், உங்களுடையதில் பேட்1 என்று இருக்கலாம். சார்ஜரின் பெயரும் ஒரு கணினியில் ஏசி, இன்னொன்றில் ஏடிபி1. கான்ஃபிக்கில் பெயர் பொருந்தாவிட்டால் போலிபார் அந்த மாட்யூலையே போடாமல் விட்டுவிடும். டெர்மினலிலிருந்து ஓட்டிப் பார்த்தால் பிழைச் செய்தியில் அது தெரியும். வைஃபையும் இதே கதை. கணினிக்குக் கணினி இடைமுகத்தின் பெயர் மாறும். 'ஐபி லிங்க்' அடித்தால் உங்களுடையது எது என்று தெரியும். வெப்பநிலை காட்டுவதில் இன்னும் ஒரு தொல்லை: 'ஹெச்வமான்' (hwmon) என்ற பெயரோடு ஒட்டியிருக்கும் எண், கணினியைத் திரும்பக் கிளப்பும்போது மாறிவிடக்கூடும். நேற்று 2, இன்று 4. அதனால் எண்ணை நம்பாமல், ஸ்கிரிப்டில் 'டிவைசஸ்' ஃபோல்டர் வழியாகப் போகும் நீண்ட பாதையைக் கொடுத்து, அதிலும் கடைசியில் வரும் அந்த எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி போடுவதுதான் சரி.

கட்டம் கட்டமாக வரும் ஐகானைப் பற்றி. அவை படங்கள் அல்ல, எழுத்துகள். யூனிகோடில் தனியார் பயன்பாட்டுக்கென்று யாருக்கும் ஒதுக்காமல் விட்ட எண்கள் உண்டு. ஐகான் எழுத்துருக்கள் அந்த எண்களில் தங்கள் படங்களை உட்கார வைத்திருக்கின்றன. எந்த எண்ணில் எந்தப் படம் என்பது அந்தந்த எழுத்துருவின் விருப்பம். பாமினி காலத்தில் தட்டிய கோப்பைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் என்ன ஆகும் என்று பார்த்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. அதே வியாதிதான். இதில் கூடுதலாக ஒரு கூத்து: பலரும் பயன்படுத்தும் ஐகான் எழுத்துருத் தொகுப்பான நெர்ட் ஃபான்ட்ஸ் 2023-இல் 3-ஆம் பதிப்பு வந்தபோது, மெட்டீரியல் டிசைன் ஐகான்களின் பழைய எண்களை எடுத்துவிட்டு வேறு எண்களுக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கு முன் எழுதிய கான்ஃபிக்கை இன்றைய எழுத்துருவோடு சேர்த்தால், எழுத்துரு சரியாக நிறுவியிருந்தாலும் கட்டம்தான் வரும். முதலில் 'எஃப்சி-லிஸ்ட்' அடித்து எழுத்துரு இருக்கிறதா, அதன் பெயர் கான்ஃபிக்கில் எழுத்துக்கு எழுத்து அதேதானா என்று பாருங்கள். இருந்தும் கட்டம் என்றால், நெர்ட் ஃபான்ட்ஸ் தளத்தில் ஐகானைத் தேடிப் புதிய எழுத்தை எடுத்து வையுங்கள். என்னைக் கேட்டால், ஐகானே வேண்டாம். 'பேட் 64' என்று எழுதினால் எந்தக் கணினியிலும் தெரியும்.

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் இடம். வலையில் கிடைக்கும் கான்ஃபிக்குகளில் பெரும்பாலானவற்றில் எல்லா ஸ்கிரிப்டுக்கும் 1 வினாடி என்று போட்டிருப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு ஸ்கிரிப்ட், ஒவ்வொன்றுக்குள்ளும் கிரெப், ஆக் (awk) போன்ற மூன்று சிறு நிரல். வினாடிக்கு 24 நிரல் பிறந்து சாகிறது. எட்டு மணி நேரம் வேலை பார்த்தால் கிட்டத்தட்ட ஏழு லட்சம். எதற்கு? பேட்டரி ஒரு சதவீதம் இறங்குவதைக் காட்ட. ஒவ்வொன்றும் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை உண்மையிலேயே மாறுகிறது என்று யோசித்து எண்ணைப் போடுங்கள். பேட்டரிக்கு 30 அல்லது 60 வினாடி, வட்டுக்கு 300, வினாடி முள் காட்டாத கடிகாரத்துக்கு 5 போதும். இதனால் உங்கள் லேப்டாப் பேட்டரி எத்தனை நிமிடம் கூடுதலாக வரும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், அளந்து பார்த்ததில்லை. ஆனால் விசிறிச் சத்தம் குறைந்ததைக் காதால் கேட்டிருக்கிறேன்.

ஒலி அளவு வேறு மாதிரி. அது மணிக்கணக்கில் மாறாது, மாறும்போது உடனே தெரிய வேண்டும். இதற்கு வினாடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருப்பது, வாசலில் தபால்காரர் வந்தாரா வந்தாரா என்று எட்டிப் பார்ப்பது போல. வந்தவர் மணி அடிக்கட்டும். அந்த மணிதான் சிக்னல். ஐ3பிளாக்ஸில் ஒலித் துண்டுக்கு 'சிக்னல்' என்று ஒரு எண் கொடுங்கள், 10 என்று வைத்துக்கொள்வோம்; வினாடிக் கணக்கை 'ஒன்ஸ்' என்று போடுங்கள். அப்புறம் ஐ3 கான்ஃபிக்கில் ஒலி கூட்டும் விசைக்கு எழுதிய வரியில், ஒலியைக் கூட்டியதும் 'பிகில்' (pkill) கட்டளையால் 'ஆர்டிமின்' (RTMIN) கூட்டல் 10 என்ற சிக்னலை ஐ3பிளாக்ஸுக்கு அனுப்பச் சொல்லுங்கள். விசையை அழுத்திய கணத்தில் எண் மாறும். மற்ற நேரம் ஒன்றும் ஓடாது. ஐ3-இன் ஆரம்பக் கான்ஃபிக்கிலேயே இதன் எளிய வடிவம் இருக்கிறது: ஒலி விசைகளின் முடிவில் ஐ3ஸ்டேட்டஸுக்கு 'யூஎஸ்ஆர்1' சிக்னல் போகும். பலர் அது எதற்கென்று தெரியாமல் அழித்துவிடுகிறார்கள், அப்புறம் ஒலி மாற ஐந்து வினாடி ஆகிறது என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.

ஒருமுறை துவங்கி நிற்காமல் ஓடும் ஸ்கிரிப்டை வைத்தால் ஒரு பொறி உண்டு. டெர்மினலில் ஓட்டினால் வரிவரியாக வரும், பட்டையில் வைத்தால் ஒன்றுமே வராது. காரணம், வெளியீடு திரைக்குப் போகாமல் குழாய்க்குப் போகும்போது நிரல்கள் சில ஆயிரம் பைட் சேரும்வரை கையில் பிடித்து வைத்துக்கொள்ளும். பைத்தானில் 'ஃபிளஷ்', கிரெப்பில் 'லைன் பஃபர்ட்' என்று சொல்லி உடனுக்குடன் விடச் சொல்ல வேண்டும். இதில் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.

அதைவிட மோசமாக ஒன்று. ஆரம்பத்தில் ஐ3பிளாக்ஸ் எதுவும் இல்லாமல், மணி, பேட்டரி, வானிலை மூன்றையும் ஒரே லூப்பில் எழுதி வைத்திருந்தேன். வானிலையை 'கர்ல்' மூலம் இணையத்திலிருந்து எடுத்தேன். ஒருநாள் வீட்டில் இணையம் பாதி உயிரில் இருந்தது. கர்ல் பதிலுக்குக் காத்துக்கொண்டு அப்படியே நின்றது. அதோடு லூப்பும் நின்றது. பட்டையில் 10:42. எழுந்து காபி போட்டு, வந்து மீண்டும் வேலை பார்த்தேன், அப்போதும் 10:42. பதினோரு மணிக் கூட்டத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். மேலாளர் கைபேசியில் அழைத்தபோது மணி 11:20. அன்றிலிருந்து இணையத்தைத் தொடும் எந்த ஸ்கிரிப்டிலும் கர்லுக்கு 'மேக்ஸ் டைம் 5' போடாமல் விடுவதில்லை. மணியை வேறு எதோடும் ஒரே லூப்பில் சேர்ப்பதும் இல்லை. ஐ3பிளாக்ஸில் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக ஓடுவதால் ஒன்று மாட்டிக்கொண்டாலும் மற்றவை நடக்கும்.

ஆர்ச் லினக்ஸ் பயன்படுத்துகிறவர் என்றால் இன்னொரு எச்சரிக்கை. எத்தனை அப்டேட் காத்திருக்கிறது என்று காட்டும் ஸ்கிரிப்டுக்குள், மென்பொருள் நிறுவும் 'பேக்மேன்' கட்டளையை 'எஸ்ஒய்' என்ற தெரிவோடு ஓட்டாதீர்கள். பட்டியல் மட்டும் புதிதாகி, கணினியில் இருப்பது பழையதாகி, அடுத்து ஏதாவது ஒன்றை மட்டும் நிறுவும்போது பாதிப் பாதியாக நின்றுவிடும். 'செக் அப்டேட்ஸ்' என்று தனிக் கட்டளை இருக்கிறது; பட்டியலை வேறு இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும்.

இப்போது தமிழ்க் கிழமை. முடியும், ஆனால் உங்களுக்குப் பிடித்த போலிபாரில் முடியாது. தமிழில் எழுதும் வரிசையும் தெரியும் வரிசையும் வேறு. 'செ' என்று தட்டும்போது கணினிக்குள் முதலில் ச, அடுத்துதான் ஒற்றைக்கொம்பு. திரையில் கொம்பை முன்னே கொண்டுவந்து வைப்பது எழுத்தைக் கோத்துத் தரும் ஒரு நூலகத்தின் வேலை. லினக்ஸில் பெரும்பாலும் பாங்கோவும் அதன் அடியில் ஹார்ஃப்பஸும் அதைச் செய்கின்றன. போலிபார் அந்த வழியாகப் போகாமல் எழுத்துகளை உள்ளே இருக்கும் வரிசையிலேயே ஒவ்வொன்றாக வரைகிறது. ஐ3 போன்ற இன்னொன்றான டிடபிள்யூஎம்-இன் பட்டையும் அப்படியே. அதனால் செவ்வாய்க்கிழமை வந்தால், ச தனியாக நிற்க, கொம்பு அடுத்த வகரத்தில் போய் ஒட்டிக்கொண்டு 'சவெ்வாய்' என்பது போலத் தெரியும். புதனும் சனியும் பெரும்பாலும் தப்பித்துவிடும், கொம்பு இல்லாததால். புதன்கிழமை சோதித்துப் பார்த்துவிட்டுச் சரியாக வருகிறது என்று நினைத்து ஏமாந்தவன் நான். வெள்ளியன்று குட்டு வெளிப்பட்டது.

ஐ3பாரில் எழுத்துரு வரியை 'பாங்கோ' என்று தொடங்கி எழுதினால் தமிழ் ஒழுங்காக வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவியிருந்தால் போதும்; முதல் எழுத்துருவில் இல்லாத எழுத்தைப் பாங்கோவே தேடி எடுத்துக்கொள்ளும். அடுத்து லோகேல், அதாவது மொழியும் நாடும் சார்ந்த அமைப்பு. தமிழ் லோகேல் உங்கள் கணினியில் உருவாக்கப்பட்டிருக்க வேண்டும். டெபியன், ஆர்ச் என்றால் 'எட்சி' ஃபோல்டரில் உள்ள 'லோகேல் ஜென்' கோப்பில் தமிழ் இந்தியா யூடிஎஃப்-8 வரிக்கு முன்னால் இருக்கும் குறியை எடுத்துவிட்டு அதே பெயருள்ள கட்டளையை ஓட்டுங்கள். ஃபெடோராவில் 'ஜிலிப்சி லாங்பேக்' என்ற பெயரில் தமிழுக்கு ஒரு தொகுப்பு உண்டு. மொத்தக் கணினியையும் தமிழுக்கு மாற்ற வேண்டாம். பிழைச் செய்தியை வலையில் தேடும்போது ஆங்கிலத்தில் இருப்பதே வசதி. கிழமை காட்டும் ஸ்கிரிப்டுக்கு மட்டும் 'எல்சி டைம்' என்ற மாறியைத் தமிழாக வைத்து 'டேட்' ஓட்டினால் போதும். ஐ3ஸ்டேட்டஸிலேயே இருக்க நினைத்தால், அதன் 'டிஇசட் டைம்' பகுதிக்கு லோகேல் என்று தனி வரி கொடுக்கலாம்.

ஆக, நீங்கள் கேட்ட தேர்வைத் தமிழ்க் கிழமையே தீர்த்து வைத்துவிட்டது. ஐ3பார், அதன் பின்னால் ஐ3பிளாக்ஸ். இதில் பின்னால் கிடைக்கும் ஒரு லாபமும் உண்டு. போலிபார், லினக்ஸில் திரையில் ஜன்னல்களை வரையும் பழைய ஏற்பாடான எக்ஸ்11-க்காக எழுதப்பட்டது. நாளைக்கு அதன் புதிய மாற்றான வேலேண்டுக்கு மாறி ஸ்வே போட்டால், ஸ்வேயின் பட்டை ஐ3பார் பேசும் அதே ஜேசனைத்தான் பேசுகிறது. உங்கள் ஐ3பிளாக்ஸ் கோப்பைப் பெரும்பாலும் தொட வேண்டியிருக்காது. நான் மாறியபோது ஒலி ஸ்கிரிப்டில்கூடக் கை வைக்கவில்லை. அங்கே போனபின் அழகும் வேண்டும் என்றால் வேபார் என்ற பட்டை இருக்கிறது. அது பாங்கோவைப் பயன்படுத்தும் ஜிடிகே மேல் கட்டியது என்பதால் தமிழ் சரியாக வரும், நிறமும் இடைவெளியும் சிஎஸ்எஸ்-இல் எழுதலாம். போலிபார் மோசம் என்று நான் சொல்லவில்லை. வட்ட முனை, சாய்வான பிரிப்பு என்று கண்ணுக்கு அழகாக வேண்டும், கிழமை ஆங்கிலத்தில் இருந்தால் பரவாயில்லை என்றால் அது நல்ல பொருள்தான். இரண்டு மூன்று திரை வைத்து, அவற்றை அடிக்கடி கழற்றி மாட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. அந்த ஏற்பாட்டில் எது குறைவாகத் தொல்லை தரும் என்பதை அப்படிப் புழங்குகிறவர்களிடம் கேளுங்கள்.

ஐ3பிளாக்ஸ் போட்டு முதல்முறை கிளப்பும்போது, பட்டையில் சிவப்பாக ஒரு வரி வந்து அதில் 127 என்ற எண் இருந்தால், நிரல் கிடைக்கவில்லை என்று பொருள். ஒன்று நிறுவவில்லை, அல்லது உங்கள் 'லோக்கல் பின்' ஃபோல்டர் டெர்மினலுக்குத் தெரிகிறது, ஐ3-க்குத் தெரியவில்லை. முழுப் பாதையையும் எழுதிவிடுங்கள். 126 என்றால், ஓட்ட அனுமதி தரும் 'சிஹெச்மாட்' கட்டளையைப் போட மறந்திருக்கிறீர்கள். முதலில் மணி மட்டும் வையுங்கள். அது ஓடியதும் பேட்டரி. பேட்டரி வராவிட்டால் அந்தப் 'பவர் சப்ளை' ஃபோல்டரில் 'எல்எஸ்' என்ன காட்டுகிறது என்பதை அப்படியே இங்கே எழுதுங்கள், இரவு வந்து பார்க்கிறேன்.